பல முகம், ஒரே எடை

மூன்றாந் தவணைத் தேர்ச்சி அறிக்கைகளைக் கொடுத்து முடித்து, வகுப்பறையைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு தகப்பன் திரும்பி வந்தார். கடலுக்குப் போகிறவர். மகன் ஒன்பதாந் தரத்தில் என்னிடம் படிக்கிறான். கையிலிருந்த அறிக்கையை மேசையில் விரித்து, ஒரு சொல்லின் மீது விரலை வைத்தார்.

"சேர், ஆறாம் வகுப்புலரிந்து பாக்கன், எல்லாரும் நன்று நன்று எண்டுதான் எழுதியிரிக்கிங்க. நேத்து பேங்க்லரிந்து வந்த கடுதாசிய வாசி மகன் எண்டு குடுத்தன். முழிக்கான். அப்ப இந்த நன்று எண்டா என்ன சேர்?"

அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கும் பணிவுதான் இருந்தது. அது என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது. விரல் வைத்திருந்த அந்தச் சொல் எனது கையெழுத்தில் இருந்தது. கவனித்துச் செய்கிறேன் என்று ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை.

அந்நாட்களில் நான் உரோமப் பேரரசின் வெள்ளி நாணயங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஆசிரிய கலாசாலைக் காலத்தில் பற்றிக்கொண்ட ஆசை அது. அவற்றில் ஒன்றையேனும் நான் கையில் எடுத்துப் பார்த்தவனல்லன். பார்த்தவை எல்லாம் படங்களே. படத்தில் முகம் தெரியும், எழுத்துத் தெரியும், எடை தெரியாது. இந்தச் சிறு குறைபாட்டில்தான் நான் தேடிய விடையின் பாதி இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

நமது மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல். நாணயம் என்றால் கையில் புழங்கும் காசு. நாணயமான மனிதன் என்றால் சொன்ன சொல்லில் நிற்பவன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் அரசனைப் பற்றி உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த அரசன் நம்முடைய தீவின் அரசன்.

அன்னியஸ் புளோகாமஸ் என்பவர் செங்கடற் பகுதியின் வரியை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தவர். அவரால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவர் அராபியாவைச் சுற்றிக் கப்பலோட்டி வரும்போது காற்று அவரை இழுத்துச் சென்று தப்ரபேன் என அன்று அழைக்கப்பட்ட இலங்கையின் துறைமுகம் ஒன்றில் ஒதுக்கியது. ஆறு மாதங்கள் அரசனின் விருந்தினராக இருந்து, மொழியையும் கற்று, அவர் உரோமைப் பற்றிக் கூறினார். அவர் கூறியவற்றைவிட அரசனை வியக்க வைத்தது அவரிடமிருந்து கைப்பற்றிய பணம். தெனாரியஸ் எனப்படும் அந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தன. ஆகவே அவற்றை அடித்தவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பது தெளிவு. ஆயினும் எடை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. இப்படிப்பட்டவர்கள் நேர்மையானவர்களாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்த அரசன், குளோடியஸ் ஆண்ட காலத்தில் (கி.பி. 41 - 54) நான்கு தூதர்களை உரோமுக்கு அனுப்பினான் என்கிறார் பிளினி.

தன் நாட்டைப் புகழ்வதற்காகவே பிளினி இதை எழுதினார் எனக் கொண்டாலும், அந்த அரசனின் அளவுகோல் என்னை விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை. முகத்தை ஒதுக்கிவிடவும் இல்லை. பல முகங்கள், ஒரே எடை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொன்னான்.

அந்த முகங்களின் கதையைச் சற்றுப் பார்ப்போம். உயிரோடிருக்கும் ஒருவரின் முகம் உரோம நகரத்துக் காசில் ஏறியது கி.மு. 44இன் தொடக்கத்தில். அந்த முகம் யூலியஸ் சீசருடையது. அதுவரை தெய்வங்களும் முன்னோர்களும் இருந்த இடம் அது. அதே ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, அவர் மன்னராக முனைகிறார் என்று குற்றஞ்சாட்டி அவரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் முதன்மையானவரான புரூட்டஸ் ஓரிரு ஆண்டுகளில் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளிக்காசு அடித்தார். அதன் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். அவற்றுக்கு நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. கீழே கொலை நடந்த நாளின் பெயர். சர்வாதிகாரியிடமிருந்து விடுதலை பெற்றுத் தந்தோம் என்பது அதன் பொருள். காசைத் திருப்பினால் முன்பக்கத்தில் இருப்பது புரூட்டஸின் சொந்த முகம். எதை எதிர்த்து வாளெடுத்தாரோ அதையே செய்தார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப் பொய்யாக்க, இரண்டும் ஒரே வெள்ளித் துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பின்வந்த பேரரசர்களின் காலத்தில் முன்பக்கம் ஆள்பவரின் முகத்துக்கு என்றாகிவிட்டது. அங்கு சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. பேச்சு முழுவதும் பின்பக்கத்துக்கு மாறியது. ஒரு விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத்துக்குள் பேரரசு தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்பியதோ அதெல்லாம் ஏறியது. நான் பார்த்தவரை அப்பேச்சு மூன்று வகைப்படும்.

முதலாவது, பெருமை பேசுதல். கி.பி. 70இல் ஜெருசலேம் வீழ்ந்து ஆலயம் எரிந்தது. வெஸ்பாசியனின் தெனாரியஸில் வெற்றிச் சின்னத்தின் அடியில் ஒரு பெண் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறாள். கீழே யூதேயா என்ற நாட்டின் பெயர். தோற்றவர்களின் துயரமே காசாகிச் சந்தைக்கு வந்துவிட்டது. தோற்றவர்களும் அந்தக் காசுகள் புழங்கிய சந்தையில்தான் எண்ணெய்யும் மாவும் வாங்கவேண்டியிருந்தது. 132ஆம் ஆண்டு அம்மக்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தபோது புதிதாக வெள்ளி தேடவில்லை. கையிலிருந்த உரோமக் காசுகளின் மீதே திராட்சைக் குலையையும் யாழையும் தம் மொழி எழுத்தையும் மறுபடி அடித்தார்கள். சில காசுகளில் புதிய பொறிப்பின் கீழே பேரரசரின் முகவரை இன்னும் மங்கலாகத் தெரியும்.

இரண்டாவது, உள்ளதைச் சொல்லுதல். திராஜான் இத்தாலியின் ஏழைப் பிள்ளைகளைப் பராமரிக்க ஒரு நிதி ஏற்பாட்டை நடத்தினார். அவருடைய தெனாரியஸ் ஒன்றில் தானியக் கதிர் ஏந்திய ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை. சொன்னதைச் செய்த காசு இது. ஆனால் அதே பேரரசரின் வேறு காசுகளில் டேசியா நாட்டான் ஒருவன் பறிக்கப்பட்ட ஆயுதங்களின் மேல் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கிறான். ஊட்டிய கையும் வெட்டிய கையும் ஒன்றே. இரண்டு காசுகளையும் ஒரே பணப்பையில் போட்டுக்கொண்டு ஒருவன் தெருவில் நடந்திருப்பான். அவனுக்கு அதில் முரண்பாடு தோன்றியிருக்குமா தெரியவில்லை.

மூன்றாவது வகைதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 96ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்தவர் நேர்வா. வயதானவர், படைபலமில்லாதவர். அவருடைய காசின் பின்பக்கத்தில் இரண்டு வலக்கரங்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. சுற்றிலும் "படைகளின் ஒற்றுமை" என்ற பொருள்பட எழுத்து. அடுத்த ஆண்டே மெய்க்காவற் படை கலகம் செய்து அவரை அவரது மாளிகையிலேயே மடக்கியது. தமக்கு வேண்டாதவர்களைக் கொல்ல ஒப்படைக்கும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டது. அப்படியானால் அந்தக் கைகுலுக்கல் பொய்யா? பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு வேண்டுதல். இல்லாத ஒன்று உண்டாகட்டும் என்ற ஆசை. நமது மொழியில் சொன்னால், வெள்ளியில் எழுதிய துஆ.

இங்கேதான் என் "நன்று" எனக்கு நினைவு வந்தது. அந்தப் பையனின் அறிக்கையில் நான் அச்சொல்லை எழுதியபோது ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. பிள்ளை மனமுடையக் கூடாது, வீட்டில் அடி விழக் கூடாது, அடுத்த தவணையாவது நன்றாக வரட்டும். அதுவும் ஒரு துஆதான் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஆனால் அந்தக் காசுகளின் மறுபாதிக் கதை எடையில் இருக்கிறது. அதைப் படித்தபோது என் சமாதானம் நிற்கவில்லை.

அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடிக்கப்பட்டது. வெள்ளி ஏறக்குறையச் சுத்தமானது. இலங்கை அரசனின் தராசில் ஏறியவை இப்படியான காசுகளாகத்தான் இருந்திருக்கவேண்டும். குளோடியஸ் இறந்து பத்தே ஆண்டுகளில், 64இல், நீரோ அதே இறாத்தலில் 96 காசு அடிக்கச் செய்தார், செம்பும் கலக்கப்பட்டது. அவரது முகம் காசில் முன்னையதைவிடப் பெரிதாக, அழகாக இருந்தது. வெள்ளி குறைந்தது. பின்னர் சிலர் திருத்த முயன்றனர். பலர் மேலும் குறைத்தனர். செப்டிமியஸ் செவெரஸ் (193 - 211) காலத்தில் வெள்ளி ஏறத்தாழ அரைவாசிக்கு வந்துவிட்டது. 215இல் அவர் மகன் கரகல்லா கதிர்முடி அணிந்த தன் தலையுடன் புதுக் காசொன்றை வெளியிட்டார். அது இரண்டு தெனாரியஸ் பெறுமதி கொண்டதாகக் கொடுக்கப்பட்டது என்று கருதுகிறார்கள். ஆனால் எடையோ ஏறக்குறைய ஒன்றரைதான். 268இல் ஆட்சிக்கு வந்த இன்னொரு குளோடியஸின் காலத்தில் அக்காசில் நூற்றுக்குச் சில பங்கே வெள்ளி, மற்றதெல்லாம் செம்பு. வெளியே மட்டும் மெல்லிய வெள்ளிப் பூச்சு. நம் அரசனின் தூதர்கள் ஒரு குளோடியஸின் வாசலுக்குப் போய் இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்று. உரோமக் காசுகளில் அடிக்கடி வரும் பெண் உருவங்களில் ஒருத்தி ஒரு கையில் தராசு பிடித்திருப்பாள். அவள் பெயர் ஏகுயித்தாஸ். நீதியான அளவு, நேர்நிறை என்று பொருள் கொள்ளலாம். செவெரஸின் அரைவெள்ளிக் காசிலும் அவள் நிற்கிறாள். இரண்டாம் குளோடியஸின் பூசிய செம்புக் காசிலும் நிற்கிறாள், அதே தராசோடு. வெள்ளி காசைவிட்டுப் போய்விட்டது, தராசு போகவில்லை. அந்தத் தராசில் அவள் நின்றிருக்கும் காசையே நிறுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் போவது முறையல்ல. நாம் இன்று சட்டைப்பையில் வைத்திருக்கும் ரூபாவில் வெள்ளி இல்லை, தாளில் ஒன்றுமேயில்லை. அதை வைத்துத்தானே அரிசி வாங்குகிறோம்? பணம் என்பது நம்பிக்கை. உலோகம் ஒரு சாக்கு. படைக்குச் சம்பளம், எல்லைப் போர், குறைந்து வரும் வெள்ளிச் சுரங்கம் என்று நெருக்கடிகள் இருக்கும்போது ஓர் அரசு வேறு என்ன செய்யும்? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நமது தாள் தன்னை வெள்ளி என்று சொல்லிக்கொள்வதில்லை. செம்பாக இருப்பது குற்றமல்ல. செம்பின் மீது வெள்ளியைப் பூசி, அதன் மேல் தராசையும் பொறிப்பதுதான் குற்றம். நேர்வாவின் கைகுலுக்கலுக்கும் இந்தத் தராசுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அது நாளையைப் பற்றிய ஆசை. இது, கையில் கொடுக்கப்படும் பொருளைப் பற்றிய சாட்சியம். துஆவை அல்லாஹ்விடம் கேட்கலாம். அதை ரசீதாக எழுதி மனிதனின் கையில் கொடுக்க முடியாது. நான் எழுதிக் கொடுத்தது ரசீது. அந்தத் தகப்பன் அதை ரசீதாகவே வாங்கினார், நான்கு வருடங்களாக.

மக்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். தெனாரியஸைச் சோதிப்பதே ஒரு கலையாக இருந்தது என்று பிளினி கூறுகிறார். கள்ளக் காசு எப்படியிருக்கும் என்று கற்றுக்கொள்வதற்காக, ஒரு கள்ளக் காசுக்குப் பல நல்ல காசுகளைக் கொடுத்து வாங்கினார்களாம். மார்க் அந்தோனி கி.மு. 32, 31 ஆண்டுகளில் தன் படைகளுக்காக அடித்த, கப்பல் படம் பொறித்த காசுகள் மாற்றுக் குறைந்தவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே அவற்றை எவரும் பதுக்கவில்லை, உருக்கவில்லை. கையிலிருந்து கைக்குத் தள்ளிவிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அவை தேய்ந்து தேய்ந்து புழக்கத்தில் இருந்தன. நல்ல காசு மண்ணுக்குள் போயிற்று. கெட்டது சந்தையில் நின்றது. தென்னிந்தியாவில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளிலும் மிகப் பெரும்பான்மை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோருடையவை. நீரோவின் குறைப்புக்குப் பிந்தியவை சிலவே. வாங்கியவனுக்கு முகம் முக்கியமாக இருக்கவில்லை.

ஆக, குற்றம் அடித்தவனோடு முடியவில்லை. குறை என்று தெரிந்தும் வாங்கி, அடுத்தவன் தலையில் கட்டிவிடும் ஒவ்வொருவனும் அதில் பங்காளி. அந்தப் பையனின் ஆறாந் தர ஆசிரியர் "நன்று" என எழுதினார். ஏழில் இன்னொருவர், எட்டில் இன்னொருவர். நான் முந்தியவரின் சொல்லை நம்பவில்லை; நம்பாமலே அதே சொல்லை எழுதி அடுத்தவரிடம் தள்ளினேன். நாங்கள் நால்வரும் அந்தோனியின் கப்பற் காசைக் கைமாற்றியவர்கள்.

இவ்விடத்தில் நமது வாசகர்களுக்கு ஒன்று தோன்றலாம். முகங்களையும் உருவங்களையும் வைத்ததால் வந்த வினை இது என்று. கலீபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77இல் தங்கத் தீனாரிலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெள்ளித் திர்ஹத்திலும் உருவங்களை முற்றாக நீக்கி எழுத்தை மட்டும் வைத்தார். அதற்கு முன்னர் முஸ்லிம்கள் அடித்த வெள்ளிக் காசுகளில் பாரசீக மன்னரின் தலை இருந்தது. ஓரத்தில் பிஸ்மில்லாஹ் இருந்தது. தீனார் என்ற சொல்லே தெனாரியஸிலிருந்து வந்ததுதான். அல்குர்ஆனில் ஆல இம்ரான் அத்தியாயத்தில் அச்சொல் வருவது அமானிதத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது. ஆயினும் உருவம் போனதால் மட்டும் நேர்மை வந்துவிடவில்லை. ஐயூபிகள் கால எகிப்தில் "கறுப்புத் திர்ஹம்" என்று ஒன்று புழங்கியது. அதில் வெள்ளியைவிடச் செம்பே அதிகம். உருவம் பொய் சொல்வதைப் போலவே எழுத்தும் பொய் சொல்லும். என் "நன்று" எழுத்துத்தானே?

அடுத்த ஆண்டு முதலாந் தவணையில் அந்தப் பையனின் அறிக்கையில் நான் இவ்வாறு எழுதினேன்: "எழுத்துக்கூட்டியே வாசிக்கிறார். தினமும் அரை மணி நேரம் என்னோடு வாசிக்கவேண்டும்." பிற்பகலில் அவன் வருகிறான். கடுதாசி வாசிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. பத்திரிகைத் தலைப்பை வாசிக்கிறான்.

இத்துடன் கதை நன்றாக முடிந்தது என்று எழுதிவிட்டால் நானும் பூச்சுப் பூசியவனாவேன். பக்கத்து வகுப்பில், இவனைவிடத் தடுமாறும் பிள்ளை ஒருத்தியின் அறிக்கையில் "மிக நன்று" என்று இருக்கிறது. நாளை இருவரின் அறிக்கைகளையும் ஒரு மேசையில் வைத்து ஒருவர் ஒப்பிட்டால் தோற்பவன் இவன்தான். குறைந்த காசுகளுக்கு நடுவே நிறைகாசு ஒன்றை மட்டும் போட்டால் அதற்கு நேரும் கதி இது. என் மனச்சாட்சிக்கு நான் தேடிய நிம்மதியின் விலையை அந்தப் பிள்ளை கொடுக்கவேண்டுமா?

இலங்கை அரசன் ஒரு காசை நிறுத்துப் பார்த்து உரோமரை நேர்மையானவர்கள் என்று சொல்லவில்லை. பலர் அடித்த காசுகளை நிறுத்த பின்புதான் சொன்னான். நேர்மை ஒரு முகத்துக்குரிய அழகல்ல. பல கைகள் சேர்ந்து காக்கும் எடை.

ஆகவே ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசினேன். அந்தத் தகப்பன் கேட்டதை அவர் கேட்டவாறே சொன்னேன். இரண்டு பேர் உடனே சேர்ந்துகொண்டார்கள். ஒருவர், "பெற்றோர் வந்து சண்டை பிடித்தால் நீங்கள்தான் முன்னுக்கு நிற்கவேண்டும்" என்றார். நிற்கிறேன் என்றேன். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறினர். அதிபர், இரண்டாந் தவணை அறிக்கைகள் வர முன்னர் மறுபடி கூடிப் பேசுவோம் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார்.